என்னைத் திட்டாத ஆல்பம்

தேரை சைலன்சர் கடை,
விட்டியர் பெருந்தெரு,
கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ்.
வியாழக்கிழமை, கடை திறப்பதற்கு முன்.

மதிப்பிற்குரிய கொம்பாத்ரே திரு. அன்செல்மோ திராடோ அவர்களுக்கு,

நிக்கானோர் அர்மென்தா எழுதுவது. இவ்விடம் நான், என் மனைவி ஒஃபேலியா, உங்கள் ஞானமகள் யெசேனியா, அறுபத்து நாலாம் வருஷத்து இம்பாலா கார் ஆகிய நால்வரும் சுகம். இம்பாலாவுக்கு மட்டும் இடது பின்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அவ்விடம் நீங்களும் உங்கள் முழங்காலும் சுகமா என்று கேட்பது முறை என்பதால் கேட்டு வைக்கிறேன். முழங்காலைப் பற்றிப் புது ஆல்பத்தில் நான்கு நிமிடம் பாடியிருக்கிறீர்கள், எனவே அதற்குத் தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

இருபத்தொரு வருஷமாகப் பேசாமல் இருந்தவன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். பேசாமல் இருந்தோம் என்று யார் சொன்னது? ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் என் மகளை நீங்கள் ஏந்திய நிமிடமே நீங்கள் அவளுக்கு ஞானத்தகப்பன், நாம் இருவரும் கொம்பாத்ரே. அந்த முடிச்சை எந்தப் பாதிரியாராலும் அவிழ்க்க முடியாது. தெருவில் பார்த்தால் நீங்கள் தொப்பியைத் தொட்டு "சவுக்கியமா கொம்பாத்ரே" என்பீர்கள், நான் "சவுக்கியம் கொம்பாத்ரே" என்பேன், அதோடு சரி. மற்றதையெல்லாம் நீங்கள் ஆல்பத்தில் பேசினீர்கள், நான் கடை வாசலில் நின்று பேசினேன், அது அவரவர் காதுக்குத் தவறாமல் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டைத்தான் நீங்கள் ஒருதலையாக முறித்துவிட்டீர்கள் என்பது என் புகார்.

நடந்ததை ஒருமுறை எழுத்தில் வைத்துவிடுகிறேன், ஏனென்றால் பத்திரிகைக்காரர்கள் இதை 'இரு கலைஞர்களுக்கு இடையிலான மனக்கசப்பு' என்று எழுதுகிறார்கள், நானோ கலைஞன் இல்லை, சைலன்சர் மாற்றுகிறவன். இரண்டாயிரத்து நாலாம் வருஷம், யெசேனியாவின் ஞானஸ்நானம். கோயில் படிக்கட்டுக்குக் கீழே என் இம்பாலாவை நிறுத்தியிருந்தேன், மிட்டாய்ச் சிவப்பு, ஏழு கோட் பெயின்ட், கடைசிக் கோட் காய்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் குழந்தைகள் வழக்கப்படி "காசு வீசு ஞானத்தகப்பா, காசு வீசு" என்று கத்தினார்கள். மற்ற ஊர் ஞானத்தகப்பன்மார் கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி தரையில் தூவுவார்கள். நீங்கள் சில்லறை முடிந்து வைத்திருந்த ஒரு சாக்ஸை அவிழ்த்து, கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், பேஸ்பால் வீசுகிறவனைப் போல வீசினீர்கள். அத்தனையும் என் பானட்டில் விழுந்தது. நூறு கீறல்.

"எங்கய்யா வீசுற?" என்றேன் நான்.

"படிக்கட்டுல காரை நிறுத்தினது யாரு?" என்றீர்கள் நீங்கள்.

"கார் என்ன உன்னை வந்து இடிச்சுதா?"

"காசு குழந்தைங்களுக்கு. உன் காரு ஏன் குறுக்க நிக்குது?"

அன்று மத்தியானம் விருந்தில் மைக் என் கைக்கு வந்தபோது நான் என்ன பேசினேன் என்பதை நூற்றெண்பது பேர் கேட்டார்கள், ஆகையால் மறுக்கவில்லை. "இவரு பாடுறதை விட என் கடையில கிடக்கிற ஓட்டை சைலன்சர் நல்லா பாடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நீங்கள் மட்டும் கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனீர்கள். மறு வருஷம் உங்கள் முதல் ஆல்பம் வந்தது. மூன்றாவது பாட்டில் என்னைத் தேரை என்று அழைத்து, இந்தத் தெருவில் நண்டு சிண்டு எல்லாம் இன்றைக்கும் பாடுகிற அந்த வரியைப் பாடினீர்கள்: "ஊருக்கெல்லாம் சைலன்சர் மாட்டுற தேரை, உன் வாய்க்கு ஒண்ணு மாட்டிக்கோடா."

அன்றைக்கு எனக்கு இரத்தம் கொதித்தது உண்மை. ஆனால் அடுத்த சனிக்கிழமை கடைக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள். ஒருவனுக்கும் சைலன்சரில் கோளாறு இல்லை. "தேரை அண்ணன் நீங்கதானா? ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றார்கள். நான் பானட்டைக் காட்டி நூறு கீறல் கதையைச் சொன்னேன். இரண்டாயிரத்து எட்டில் என் தொப்பையைத் திட்டினீர்கள், பன்னிரண்டில் என் மீசையை, பதினாறில் நான் கார் கிளப் தேர்தலில் ஒரே ஒரு ஓட்டில் தோற்றதை. அந்த ஒரு ஓட்டு ஒஃபேலியாவுடையது என்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் விசாரணை நடக்கிறது. பெயர்ப் பலகையை மாற்றினேன், பச்சை பெயின்டில் ஒரு தேரையை எழுதவைத்தேன். கீறலுக்கு மேல் பெயின்ட் அடிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். நீங்கள் திட்டத் திட்ட நான் ஒரு ஆளாகிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இந்த நிலையில்தான் போன மாதம் உங்கள் புது ஆல்பம் வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை ஷூ' என்று பெயர். கேசட்டாகவும் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய கார் வைத்திருக்கிறவர்களை மனதில் வைத்திருக்கிறாரே என்று அந்த ஒரு நிமிடம் உங்களை மெச்சினேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அட்டையில் 'குட்டி சிஸ்பா' என்ற பெயரைக் காணோம். தீப்பொறி என்று நீங்களே உங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்லவா அது? அதற்குப் பதிலாக 'அன்செல்மோ திராடோ' என்று முழுப் பெயர். நம் தெருவில் ஒருவனுடைய முழுப் பெயரை நீதிமன்றத்திலும் கல்லறையிலும்தான் பார்ப்போம். இம்பாலாவில் உட்கார்ந்து கேசட்டைப் போட்டேன். தொண்ணூற்றொன்றில் நான் டெக் மாட்டியபோது நீங்களும் கூட இருந்தீர்கள், ஞாபகம் இருக்கும், ஒரு பக்கம் முடிந்தால் கை வைக்காமலே தானாக அடுத்த பக்கத்துக்குப் போகிற வகை. அதனால் நான் சாய்ந்து உட்கார்ந்து, எந்தப் பாட்டில் என்னைத் திட்டுகிறீர்கள் என்று காத்திருந்தேன்.

கொம்பாத்ரே, இது என்ன சத்தம்? முன்பெல்லாம் உங்கள் ஆல்பம் போட்டால் சைரன் கேட்கும், நாய் குரைக்கும், பின்னால் நம்பர் பிளேட் கடகடவென்று ஆடும், பக்கத்துக் காரில் இருக்கிறவன் ஜன்னலை ஏற்றிக்கொள்வான். இப்போது வாயைப் பொத்தி ஊதுகிற ஒரு டிரம்பெட், எங்கோ ஒரு ஆர்கன், நிதானமாக ஒரு டிரம், அதற்கு மேல் நீங்கள் பேசுகிற குரலில் பாடுகிறீர்கள், பாடுகிற குரலில் பேசுகிறீர்கள். நம்பர் பிளேட் அசையவில்லை. ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் ஆடும் என்று தளர்த்திக்கூடப் பார்த்தேன், பிளேட் கழன்று விழுந்ததே தவிர ஆடவில்லை. ஒரு பாட்டு உங்கள் முழங்கால். ஒரு பாட்டு கொலஸ்ட்ரால் மாத்திரையும் உங்கள் மகனின் கணக்கு வீட்டுப்பாடமும். ஒரு பாட்டு உங்கள் அம்மா சலவைக் கூடத்தில் போட்டுக்கொண்ட நீல யூனிஃபார்ம், அதில் அவருடைய பெயர் தப்பாகத் தைக்கப்பட்டிருந்தது, முப்பது வருஷம் அவர் அதைத் திருத்தச் சொல்லவில்லை. அந்தப் பாட்டுக்கு நான் ரொட்டிக் கடை ஓரமாக வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. கண்ணில் தூசி. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு பாட்டு. 'டக்' என்று நின்றுவிட்டது. முன்பு பதினான்கு, பதினைந்து பாட்டுப் போடுவீர்கள், இப்போது ஆறோடு கடையைச் சாத்திவிட்டீர்கள். சரி, எங்கேயோ கவனம் தவறியிருக்கும் என்று ரிவைண்ட் செய்து மறுபடி கேட்டேன், மூன்றாம் தடவையும் கேட்டேன். தேரை இல்லை. சைலன்சர் இல்லை. தொப்பை கூட இல்லை. என் பெயரே இல்லை.

உள்ளூர்ப் பத்திரிகை 'குரலில் பக்குவம் கூடியிருக்கிறது, பழைய பகையையெல்லாம் இறக்கி வைத்துவிட்டார்' என்று அரைப் பக்கம் எழுதியிருந்தது. அவகாடோவுக்குப் பக்குவம் என்றால் எனக்குப் புரிகிறது, அது ஒரே நாள், மறுநாள் கறுத்துவிடும். மனிதனுக்குப் பக்குவம் என்றால் என்ன? கூட இருந்தவனை வழியில் இறக்கிவிடுவதா? இறக்கி வைத்த பகை நான்தானே? இறக்கி வைத்தது எங்கே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலா?

கடையில் நிலைமை அதைவிட மோசம். மூன்று சனிக்கிழமையாக ஒருவன் கூட "தேரை இருக்காரா" என்று கேட்கவில்லை. வருகிறார்கள், என்னைப் பார்க்கிறார்கள், குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஒருவன் சிப்பி வடிவ இனிப்பு ரொட்டி ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, துக்க வீட்டில் தட்டுவது போல என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். எனக்காகப் பரிதாபப்படுகிறார்கள். அந்த ஆல்பத்தைப் பற்றி இனி இந்தக் கல்லாவில் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று யெசேனியாவுக்கு உத்தரவு போட்டேன். அவள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுச் சரக்கு அறைக்குள் போய்விட்டாள், உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது போல இருந்தது, இருமலாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் முடிவு செய்தேன். திட்டு தானாக வராவிட்டால் சம்பாதித்து வாங்குவது என்று. எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிறவன் இல்லை நான், அது உங்களுக்குத் தெரியும், என் பானட்டுக்கும் தெரியும்.

முதலில், தெருக் கூட்டும் வண்டி வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் வீட்டு வாசலை மறித்து இம்பாலாவைக் குறுக்கே நிறுத்தினேன். உங்கள் வண்டி வெளியே வர முடியாது, ஒரு முழுப் பாட்டுக்குத் தேவையான சமாச்சாரம். நீங்கள் செருப்புக் காலோடு, கையில் ஏதோ மூலிகை டீயோடு வந்தீர்கள். நல்ல வார்த்தையாகத் தேடிப் பிடித்துத் திட்டுவீர்கள் என்று காத்து நின்றேன்.

"காலை வணக்கம் கொம்பாத்ரே. கார் பளபளன்னு இருக்கு" என்றீர்கள்.

"வாசலை மறிச்சு நிக்குது" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"இருக்கட்டும், அவசரமில்ல. நான் பஸ்ல போய்க்கிறேன். ஆல்பம் கேட்டீங்களா?"

"மூணு தடவை கேட்டேன்."

"முழுசாவா?"

"கடைசி வரைக்கும்."

நீங்கள் ஏதோ சொல்ல வந்து, டீயைக் குடித்துவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நொண்டிக்கொண்டே நடந்து போனீர்கள். அந்த முழங்காலோடு. கூட்டும் வண்டிக்கு வழி விடவில்லை என்று எனக்கு அபராதச் சீட்டு வந்தது. உங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று ஒஃபேலியா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்த வாரம், பெருந்தெருவில் இசைத்தட்டுக் கடையில் நீங்கள் ரசிகர்களைச் சந்திக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு, மீசைக்குச் சாயம் அடித்துக்கொண்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றேன். "என் பேரு நிக்கானோர். இந்த ஆல்பத்தைப் பல் டாக்டர் வீட்டுக் காத்திருக்கிற அறையில போடலாம். அங்கே கூட ஆளுங்க தூங்கிடுவாங்க, அப்புறம் யாரு பல்லைப் புடுங்குறது?" என்றேன். இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்த வாக்கியம். நீங்கள் கோபப்படவில்லை. மைக்கை எடுத்து, "கொம்பாத்ரே சொல்றதுல நியாயம் இருக்கு. நாலாவது பாட்டு ரொம்ப மெதுவாப் போயிடுச்சு, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. என்னைப் பத்தி ஆரம்பத்துலேருந்து உண்மையைச் சொல்ற ஒரே ஆளு இவருதான்" என்றீர்கள். கூட்டம் கைதட்டியது. எனக்காக. ஒரு பெண் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மீசைச் சாயம் அவள் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது, அதற்கும் அவள் பரவாயில்லை என்றாள். இந்த ஊரில் என்னைத் திட்டுவதற்கு ஆளே இல்லாமல் போய்விட்டது.

கடைசி முயற்சிதான் பெரிய முயற்சி. போன சனிக்கிழமை உங்கள் பிறந்தநாள். பிறந்தநாள்காரன் ஜன்னலுக்குக் கீழே விடியற்காலையில் பாட்டுப் பாடி எழுப்புவது நம்மில் எல்லோருக்கும் வழக்கம், மரியாதை. அந்த மரியாதையைத் தலைகீழாகச் செய்வது என்று தீர்மானித்து, பெரிய பாண்டு வாத்தியக்காரர்கள் ஏழு பேரைப் பிடித்தேன், அதில் ஒருவர் டியூபா என்கிற ராட்சதக் குழல் ஊதுகிறவர். பிறந்தநாள் பாட்டு வேண்டாம், நீங்கள் என்னைத் திட்டிய அந்தப் பழைய பாட்டை வாசியுங்கள் என்றேன். டியூபாக்காரருக்கு அந்தப் பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். காலை ஐந்தரைக்கு உங்கள் ஜன்னலுக்குக் கீழே நின்று ஆரம்பித்தோம். நான் தொண்டை கிழியப் பாடினேன். என்னைத் திட்டிய வரியை நானே பாடினேன், கொம்பாத்ரே, "மாட்டிக்கோடா" என்று உங்கள் ஜன்னலைப் பார்த்து. நாய்கள் எல்லாம் குரைத்தன, எதிர் வீட்டில் விளக்குப் போட்டார்கள், அந்தப் பழைய ஆல்பம் போலவே இருந்தது.

நீங்கள் இரவு அங்கியோடு வாசலுக்கு வந்தீர்கள். அழுதுகொண்டிருந்தீர்கள். "இதை யாரும் எனக்கு இப்படி வாசிச்சுக் காட்டினதில்ல" என்றீர்கள். பிறகு ஏழு பேரையும் உள்ளே கூப்பிட்டு, குடல் சூப்பும் சோள ரொட்டியும் வைத்து, டியூபாக்காரரை உட்காரவைத்து, அடுத்த ஆல்பத்துக்கு வருகிறாயா என்று கேட்டுவிட்டீர்கள். அவர் சரி என்றுவிட்டார். நான் கூட்டி வந்த ஆள். அவருக்கு உங்கள் ஆல்பத்தில் இடம், எனக்கு இல்லை. நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே வரச் சொன்னீர்கள், வரவில்லை. "முழுசா கேட்டீங்களா கொம்பாத்ரே?" என்று மறுபடியும் கேட்டீர்கள். "எத்தனை தடவை கேப்பீங்க? கேட்டாச்சு, கேட்டாச்சு, ஆறு பாட்டும் கேட்டாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் பெண்டாட்டி ஒரு டப்பாவில் சூப்பைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே இப்போது எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன், கேட்டுக்கொள்கிறேன் என்பதைவிட வற்புறுத்துகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் ஒரு வரியாவது என்னைத் திட்டிச் சேர்க்க வேண்டும். பக்குவமான திட்டாக இருந்தாலும் ஏற்கிறேன், டிரம்பெட்டோடு வந்தாலும் ஏற்கிறேன். விஷயம் பற்றாது என்று சொல்ல இடம் வைக்காமல் சில தகவல்களை நானே தருகிறேன். போன கோடையில் கிளப் பிக்னிக்கில் குழந்தைகள் ஊஞ்சலாடுகிற டயரில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் மாட்டிக்கொண்டேன், ஒஃபேலியா சமையல் எண்ணெய் ஊற்றித்தான் வெளியே எடுத்தாள். எனக்கும் கொலஸ்ட்ரால் இருக்கிறது, உங்களுடையதைவிட அதிகம். குறட்டை பயங்கரம் என்று ஒஃபேலியா சொல்கிறாள், சைலன்சர் என்ற சொல்லோடு அது நன்றாக ஒட்டும், தொழில் தெரிந்தவர் நீங்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், யெசேனியா வருவதற்குள் முடிக்க வேண்டும். எனக்குக் கடையும் படமும் பெரிதில்லை. நாலு வருஷத்துக்கு ஒரு முறை, இந்த ஊரில் ஒருவன் உட்கார்ந்து என்னைப் பற்றி யோசித்து, எனக்கு எது பொருந்தும் என்று சொல்லைத் தேடிப் பிடித்து எழுதினான். என் சொந்தத் தம்பி கூட அவ்வளவு என்னை யோசித்ததில்லை. நீங்கள் என் மேல் கோபமாக இருக்கிறவரை எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை. இப்போது கோபம் தீர்ந்துவிட்டது என்றால், என்னோடு உங்களுக்கு இருந்த காரியமும் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமா? அதைத்தான் கேட்கிறேன், பதில் வேண்டும்.

உங்கள் மனைவிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும், டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறோம். உங்கள் மகனின் கணக்குக்கு என் ஆசீர்வாதம். உங்கள் அம்மாவின் ஆத்துமா சாந்தியடைய ஒஃபேலியா ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், தீக்குச்சி உரசுவது நான். கடவுளும் நல்ல மெக்கானிக்கும் உங்களைக் காப்பார்களாக.

இப்படிக்கு,
திட்டு வாங்காமல் தவிக்கும் உங்கள் கொம்பாத்ரே,
நிக்கானோர் அர்மென்தா (தேரை)

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும். கடை திறக்க வந்த யெசேனியா நான் உறையின் மேல் விலாசம் எழுதுவதைப் பார்த்து, "அப்பா, என்னதான் எழுதுறீங்க இவ்வளவு நேரமா?" என்றாள். "ஆறு பாட்டுப் போட்டு ஊரை ஏமாத்துற உன் ஞானத்தகப்பனுக்கு" என்றேன். அவள் கையில் இருந்த சாவியைக் கீழே வைத்தாள். "ஆறா? பன்னெண்டுப்பா" என்றாள். என்னை இம்பாலாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கேசட்டை வெளியே எடுத்து, கையாலேயே திருப்பிப் போட்டாள். டெக் தானாகத் திருப்பும் என்று நான் நம்பியிருந்தேன். அந்தத் திருப்புகிற பாகம் எந்த வருஷம் செத்ததோ தெரியவில்லை, சொல்லவும் இல்லை.

இரண்டாம் பக்கத்து முதல் பாட்டுக்குப் 'பதினொரு கீறல்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். ஊருக்கு நான் நூறு என்றுதான் சொல்லி வந்தேன். பதினொன்று என்பது சனிக்கிழமைதோறும் துடைக்கிற எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் அன்றைக்கு அங்கே நின்று நீங்களும் எண்ணியிருக்கிறீர்கள். "சாக்ஸுல சில்லறை, ரெண்டு பஸ் மாறி வந்தேன், அவன் காரு பளபளன்னு நிக்குது, பிள்ளைங்க பக்கம் வீசல, காரைப் பார்த்துத்தான் வீசினேன்" என்று பாடுகிறீர்கள். பொறாமை என்ற சொல்லையும் வாய் கூசாமல் சொல்லிவிட்டீர்கள். பாட்டு முடிந்து டிரம்பெட்டும் நின்ற பிறகு, இரகசியம் பேசுகிற குரலில், "மாட்டிக்கோடா தேரை" என்கிறீர்கள். அதை மட்டும் நான்கு தடவை ரிவைண்ட் செய்தேன். நம்பர் பிளேட் ஆடவில்லை, அது கீழே கிடக்கிறது. நான்தான் கொஞ்சம் ஆடிப்போனேன், யெசேனியா பக்கத்தில் இருந்ததால் சமாளித்தேன்.

ஊர் முழுக்க இது தெரியுமாம். அதனால்தான் ரொட்டி, அதனால்தான் தோளைத் தட்டியது. "நீங்களாவே கேட்கணும்னு ஞானத்தகப்பன் சத்தியம் வாங்கிட்டாருப்பா" என்கிறாள். ஒஃபேலியாவுக்கும் தெரியுமாம். "ரெண்டாம் பக்கம் இருக்கு கிழவான்னு சொல்லலாம்னுதான் பார்த்தேன், டியூபா வரைக்கும் போவியான்னு பார்க்க ஆசையா இருந்துச்சு" என்கிறாள். ஆகவே மேலே எழுதிய எல்லாவற்றையும், கொலஸ்ட்ரால் நீங்கலாக, வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவோடு முடித்திருப்பேன். ஆனால் பாட்டின் ஆரம்பத்தில் ஒரு நாணயம் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்கிறதே, அந்தத் தகரத்தை எனக்கு அடையாளம் தெரிகிறது. விசாரித்ததில், பிப்ரவரியில் நான் கண் டாக்டரிடம் போயிருந்த மத்தியானம் யெசேனியா இம்பாலாவை உங்கள் வீட்டுக்கு ஓட்டி வந்ததாகவும், நீங்கள் பானட்டில் மைக்கை வைத்து, நிஜமான சத்தம் வேண்டும் என்று ஒரே ஒரு காசைப் போட்டதாகவும் ஒப்புக்கொண்டாள். இப்போது வெளியே போய் எண்ணிவிட்டு வந்தேன். பன்னிரண்டு இருக்கிறது.

மன்னிப்பெல்லாம் பழைய பதினொன்றுக்குத்தான். பன்னிரண்டாவதற்கு நேரில் பேசிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வாசலில் நில்லுங்கள், பெருந்தெருவில் ஒரு சுற்றுப் போய் வரலாம், முன் சீட்டைத் துடைத்து வைக்கிறேன். பையில் இருக்கிற சில்லறையை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.